பட்டையால் பிழைக்கும் மரம்

டென்மார்க்கின் தென்கோடியில் லாலண்ட் என்றொரு தீவு இருக்கிறது. அங்கிருந்து ஜெர்மனிக்குக் கடலடிச் சுரங்கப்பாதை போடுவதற்கு முன், சூல்ட்ஹோம் என்ற இடத்தைத் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்தவற்றுள் ஒன்று, சுமார் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள கறுப்புக் கட்டி. ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் யாரோ மென்று துப்பியது. மனித எலும்பு எதுவும் அந்த இடத்தில் கிடைக்கவில்லை. ஆனால் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஹான்னஸ் ஷ்ரோடரும் குழுவினரும் அந்தக் கட்டியிலிருந்தே ஒரு மனிதரின் முழு மரபணுத்தொகுதியையும் படித்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. மென்றவர் ஒரு பெண். கறுத்த தோல், கறுத்த முடி, நீலக் கண். வளர்ந்த பிறகு பால் குடித்தால் அவருக்குச் செரித்திருக்காது. அவர் வாயில் குடியிருந்த நுண்ணுயிர்கள், எப்ஸ்டீன்-பார் வைரஸ், அண்மையில் தின்ற வாத்து, ஹேசல் கொட்டை எல்லாமே தத்தம் மரபணுத் தடத்தை அதில் விட்டிருந்தன. ஆய்வாளர்கள் அவருக்கு ‘லோலா’ என்று பெயர் வைத்தார்கள்.

எலும்பே மிஞ்சாத இடத்தில் எச்சில் எப்படி மிஞ்சியது? அந்தக் கட்டி எதனால் ஆனதோ அதில்தான் விடை இருக்கிறது. அது பிர்ச் மரத்தின் பட்டையைச் சுட்டு எடுத்த கீல். தண்ணீரை உள்ளே விடாது, கிருமியை எளிதில் அண்ட விடாது. மரம் தன் உடம்பைக் காக்க வைத்திருந்த காவல்தான் லோலாவின் எச்சிலையும் காத்திருக்கிறது.

பிர்ச் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் ஐரோப்பாவில் மிகப் பரவலானதும் அதிகம் ஆராயப்பட்டதும் வெள்ளி பிர்ச். அறிவியல் பெயர் பெட்டுலா பெண்டுலா. அயர்லாந்தில் தொடங்கி சைபீரியா வரை நிற்கிறது. 25, 30 மீட்டர் உயரம் போகும். மெல்லிய அடிமரம், காற்றில் தொங்கி ஆடும் நுனிக்கிளைகள், சிறிய இலைகள், ஊரெல்லாம் தெரியும் வெள்ளைப் பட்டை. வயதான மரத்தின் அடிப்பகுதியில் மட்டும் அந்த வெள்ளை கிழிந்து, கறுத்த வெடிப்புகள் வைர வடிவில் திறந்திருக்கும். பக்கத்திலேயே வளரும் மயிர் பிர்ச் என்ற இன்னோர் இனத்திலிருந்து இதைப் பிரித்தறிய அந்த வெடிப்புகளும் ஓர் அடையாளம். 1988இல் பின்லாந்து இதைத் தேசிய மரமாகத் தேர்ந்தெடுத்தது. இலை, பூ, கட்டை, மரச்சாறு என்று இதன் ஒவ்வொரு உறுப்பைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் என் கணக்கில் இந்த மரத்தின் கதையில் பாதிக்கு மேல் பட்டையில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டையை முதலில் பயன்படுத்தியவர்கள் நம் இனத்தவர்கூட இல்லை. இத்தாலியின் கம்பித்தெல்லோ என்ற இடத்தில் கிடைத்த கல் சில்லுகளில் பிர்ச் கீல் ஒட்டியிருக்கிறது. காலம் சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முன். ஒட்டியவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். கல்முனையை மரப்பிடியில் பொருத்த அவர்களுக்கு ஒரு பசை வேண்டியிருந்தது. பைன் மரத்தைக் கீறினால் பிசின் தானே வடியும், எடுத்துக்கொள்ளலாம். பிர்ச் அப்படித் தராது. பட்டையைக் காற்று அதிகம் படாமல் சூடாக்க வேண்டும். காற்று தாராளமாக இருந்தால் எரிந்து சாம்பலாகும், சூடு போதாவிட்டால் ஒன்றும் வராது. நடுவில் ஓர் இடைவெளியில்தான் கருப்பான, ஒட்டும் கீல் பிறக்கிறது. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். கல்முனையைப் பிடியோடு பிணைக்க இதைவிடத் தோதான பொருள் அக்காலத்தில் கிடைத்திருக்காது.

பானையே இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதில் ஒரு சண்டை இருக்கிறது, சுவையான சண்டை. நீண்ட காலம் தொல்லியலாளர்கள் சொல்லிவந்தது இது: கீல் எடுப்பது சிக்கலான வேலை, திட்டமிடல் வேண்டும், ஆகவே நியாண்டர்தால்கள் நம்மைப் போலவே சிந்தித்தவர்கள். 2019இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிக் ஷ்மிட்டும் கூட்டாளிகளும் அந்த வாதத்தின் அடிக்கல்லையே உருவினார்கள். மழமழப்பான ஒரு கல்லின் பக்கத்தில் பிர்ச் பட்டையை வெறுமனே எரித்தாலே போதும், கல்லின் மேல் கீல் படிகிறது, சுரண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று செய்து காட்டினார்கள். அடுப்பருகே உட்கார்ந்திருந்த எவரும் தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கக் கூடிய வித்தை அது. அப்படியானால் நியாண்டர்தாலின் புத்திக்கு அது சான்றாகாது. கதை அங்கே நின்றிருந்தால் சாதாரணச் சச்சரவு. ஆனால் 2023இல் அதே ஷ்மிட் வேறொரு கட்டுரையோடு வந்தார். ஜெர்மனியின் கோனிக்ஸாவேயில் 1963இல் கிடைத்த இரண்டு நியாண்டர்தால் கீல் துண்டுகளை எடுத்து, பல முறைகளில் தாங்களே செய்த கீல்களோடு வேதியியல் ரீதியாக ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். கல்லில் படிந்த கீலோடு அவை ஒத்துப்போகவில்லை. மண்ணுக்கடியில், காற்றை அடைத்து, பட்டையைச் சுட்டால் வரும் கீலோடுதான் ஒத்துப்போயின. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடக்கும் வேலையைத் தற்செயலாகக் கற்றுக்கொள்வது கடினம். படிப்படியாகத்தான் அந்த முறை செம்மைப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. தன் வாதத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஆய்வாளரைப் பார்ப்பது அபூர்வம். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்தக் கீல் விவகாரம் பிடித்துப்போயிற்று.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓட்சியின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்தால் அவன் நடமாடும் பிர்ச் கடை. அவனுடைய செப்புக் கோடரி பிடியோடு ஒட்டியிருந்தது பிர்ச் கீலால். அவனிடம் பிர்ச் பட்டையில் செய்த இரண்டு கொள்கலன்கள் இருந்தன. ஒன்றில் தணலை இலையில் பொதிந்து எடுத்துச் சென்றிருக்கிறான். பிர்ச் மரத்தில் மட்டுமே முளைக்கும் ஒரு காளானின் இரண்டு துண்டுகளையும் தோல்வாரில் கோத்து வைத்திருந்தான்.

இனி வேதியியல். 1788இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் பிர்ச் பட்டையைச் சூடாக்கியபோது வெள்ளைத் துகள் ஒன்று ஆவியாகி மேலே படிந்தது. கரியைக் கொண்டு திரவங்களின் நிறத்தை உறிஞ்சலாம் என்று கண்டுபிடித்தவரும் இவரே. அந்த வெள்ளைத் துகளைத்தான் இன்று பெட்டுலின் என்கிறோம். டிரைடெர்பீன் என்ற சேர்ம வகையைச் சேர்ந்தது, முப்பது கார்பன் அணுக்கள் கொண்டது. தாவரங்களிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் சேர்மங்களுள் இதற்கு இடமுண்டு. வெள்ளி பிர்ச்சின் வெளிப்பட்டையை உலர்த்தி எடை போட்டால் அதில் 30 விழுக்காடு வரை பெட்டுலினாகவே இருக்கக்கூடும். ஓர் உயிரினம் தன் தோலின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஒரே ஒரு சேர்மத்துக்கு ஒதுக்குகிறது என்றால் அதன் பின்னால் பிழைப்பு சம்பந்தப்பட்ட காரணம் இல்லாமல் இருக்காது.

பட்டையின் வெண்மையே அந்தப் பெட்டுலின்தான். வெளிப்பட்டையின் தக்கைச் செல்கள் செத்தவை. அவற்றின் உள்ளே பெட்டுலின் நுண்ணிய படிகங்களாக நிறைந்திருக்கிறது. படிகங்கள் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வடக்கே குளிர்காலத்தில் வெயில் தாழ்வாகவும் சாய்வாகவும் அடிக்கும், தரையிலுள்ள பனியிலிருந்தும் எதிரொளிக்கும். கறுத்த அடிமரம் பகலில் அந்த வெயிலில் சூடேறும், இரவில் உறையும். இந்த ஏற்ற இறக்கத்தில் பட்டை வெடித்துப் போகும். வெள்ளைப் பட்டை அந்த வெயிலைத் திருப்பியனுப்பிவிடுகிறது. பெட்டுலின் தண்ணீரில் ஏறத்தாழக் கரையவே கரையாது, ஆகவே மழையும் உருகும் பனியும் உள்ளே இறங்குவதில்லை. தக்கைச் செல்களின் சுவரில் இருக்கும் சூபரின் என்ற மெழுகு போன்ற பொருளும் கூடச் சேர்ந்து காவல் காக்கிறது. தடித்த சுவர் கொண்ட செல்கள் ஓரடுக்கு, மெல்லிய சுவர் கொண்ட செல்கள் ஓரடுக்கு என்று மாறிமாறி வளர்வதால்தான் பட்டை காகிதம் போல ஏடு ஏடாக உரிகிறது. இடையிடையே படுக்கைவாட்டில் தெரியும் கறுத்த கோடுகள் மரம் மூச்சு விடும் துளைகள்.

கன்றுக்கு இந்த வெள்ளைப் பட்டை இல்லை. சில ஆண்டுகள் வரை அது பழுப்பாகவே இருக்கும். அந்த வயதில் அதைத் தின்ன வருவது முயல். அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. இளங்கிளைகளில் சின்னச் சின்னப் பிசின் மணிகள் மரு மருவாகத் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றிலும் டிரைடெர்பீன்கள்தாம். பின்லாந்தின் ஆய்வாளர்கள் பனிமுயலுக்கு வெவ்வேறு கன்றுகளைத் தின்னக் கொடுத்து, பிசின் மணி நிறைந்த கிளைகளை அது ஒதுக்குவதைக் காட்டியிருக்கிறார்கள். மரம் முயலின் வாய்க்கு எட்டாத உயரம் போன பிறகு இந்தச் செலவைக் குறைத்துக்கொள்கிறது.

உரியும், மடங்கும், நனையாது, மட்காது. இப்படி ஒரு பொருள் கையில் இருந்தால் மனிதன் அதில் எழுதாமல் இருப்பானா? ரஷ்யாவின் நோவ்கரத் நகரில் 1951 ஜூலை 26 அன்று அர்த்சிகோவ்ஸ்கி தலைமையில் நடந்த அகழாய்வில் முதல் பிர்ச் பட்டைக் கடிதம் கிடைத்தது. இன்று ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துவிட்டன. கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு, வீட்டுக்குச் சாமான் அனுப்பச் சொல்லும் குறிப்பு என்று எல்லாம் அன்றாட விவகாரம். 13ஆம் நூற்றாண்டுச் சிறுவன் ஒன்ஃபிம் எழுத்துப் பாடத்தை எழுதிப் பழகிவிட்டு, பக்கத்திலேயே தன்னைக் குதிரை வீரனாக வரைந்து வைத்திருக்கிறான். மையில்லை. உலோகத்தாலோ எலும்பாலோ ஆன கூரிய முனையால் பட்டையின் உட்புறத்தில் கீறியிருக்கிறார்கள். பனையோலையும் எழுத்தாணியும் பழகிய நமக்கு இந்த உத்தி உடனே புரியும். ஆனால் நம் ஓலைகள் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்ப, தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்கப்பட வேண்டியிருந்தது. நோவ்கரத் பட்டைகளைக் குப்பையில் எறிந்துவிட்டுப் போனார்கள். காற்றுப் புகாத ஈரச் சேறு எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தது. நம் துணைக்கண்டத்திலும் இதே குடும்பத்து மரம் இந்தப் பணியைச் செய்திருக்கிறது. இமயமலையின் பூர்ஜ மரம் வெள்ளி பிர்ச்சின் உறவு. காந்தாரப் பகுதியில் மண்பானைகளுக்குள் கிடைத்த பௌத்தச் சுருள்கள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பூர்ஜப் பட்டையில் மையால் எழுதப்பட்டவை. கணிதம் பயின்றவர்கள் அறிந்த பக்‌ஷாலி ஏடும் பூர்ஜப் பட்டைதான்.

மருத்துவத்துக்கு வருவோம். இங்கே எச்சரிக்கையாகப் பேச வேண்டும், ஏனென்றால் பிர்ச் பட்டை, பிர்ச் காளான், பிர்ச் நீர் என்று விற்கப்படும் பொட்டலங்களின் மேலுள்ள வாக்குறுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்களிடம் செய்த சோதனைச் சான்று கிடையாது. உறுதியாகச் சொல்லக் கூடிய கதை வேறு இடத்தில் தொடங்குகிறது, நமக்குத் தெரிந்த ஒரு மரத்தில். 1995இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் சிகாகோ ஆய்வாளர்கள், பெட்டுலினிக் அமிலம் மெலனோமா என்ற தோல் புற்றுச் செல்களைத் தானே மடியச் செய்கிறது என்று அறிவித்தார்கள். அந்த அமிலத்தை அவர்கள் எடுத்தது இலந்தை மரப் பட்டையிலிருந்து. ஆனால் இலந்தையில் அது கொஞ்சமாகத்தான் இருக்கிறது. பெட்டுலினுக்கும் பெட்டுலினிக் அமிலத்துக்கும் ஓர் ஆக்சிஜனேற்றம்தான் தூரம். பெட்டுலினோ பிர்ச் பட்டையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. ஆகவே பிர்ச் களத்தில் இறங்கிற்று. சோதனைக் குழாயிலும் எலியிலும் நன்றாக வேலை செய்த பொருள் மருந்தாக இன்னும் கரையேறவில்லை. காரணங்களுள் ஒன்று மரத்துக்கு வரமாக இருந்த அதே குணம்: தண்ணீரில் கரையாத பொருளை ரத்தத்தில் எப்படி அனுப்புவது? எச்.ஐ.வி.க்கு எதிராக இந்த அமிலத்தை மாற்றியமைத்து பெவிரிமாட் என்ற மருந்தை உருவாக்கினார்கள். வைரஸ் முதிர்ச்சியடைவதைப் புது வழியில் தடுத்தது. பல நோயாளிகளின் வைரஸில் ஏற்கெனவே இருந்த இயற்கை வேறுபாடுகளுக்கு முன்னால் அது பலிக்கவில்லை.

வென்றது எளிமையான ஒன்று. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற அரிய மரபு நோயில் தோலின் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதில்லை. சட்டை உரசினாலே கொப்புளம், கட்டுப் பிரித்தால் புண். இந்தக் குழந்தைகளை மேற்கே வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள் என்பார்கள். பிர்ச் பட்டையின் டிரைடெர்பீன் சாறு பத்துப் பங்கு, சூரியகாந்தி எண்ணெய் தொண்ணூறு பங்கு கலந்த ஒரு களிம்பை இந்தப் புண்களில் தடவிச் சோதித்தார்கள். 223 பேர் கலந்துகொண்ட மூன்றாம் கட்டச் சோதனையில், 45 நாட்களுக்குள் குறிப்பிட்ட புண் முழுதாக மூடியவர்கள் மருந்துக் களிம்பு பூசியவர்களில் 41.3 விழுக்காடு, மருந்தில்லாத களிம்பு பூசியவர்களில் 28.9 விழுக்காடு. அற்புதம் என்று சொல்லும் எண்கள் அல்ல. ஆனால் அதுவரை பெரும்பாலும் கட்டுப்போடுவதைத் தவிர வழியில்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம். ஃபில்சுவெஸ் என்ற பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் அமெரிக்கா 2023 டிசம்பரிலும் இதற்கு அனுமதி தந்தன. இங்கே கரையாமை தொல்லையாக இல்லை. ரத்தத்துக்குள் போகத் தேவையே இல்லாத இடத்தில், தோலின் மேல், மரத்தின் தோல் பயன்பட்டது.

பட்டைக்கு ஏன் இவ்வளவு முதலீடு என்று கேட்டால், இந்த மரத்தின் வாழ்க்கை முறையைச் சொல்ல வேண்டும். வெள்ளி பிர்ச் வெட்டவெளியில் முதலில் குடியேறும் மரம். காடு எரிந்தாலும் வெட்டப்பட்டாலும் பனிப்பாறை பின்வாங்கினாலும் அங்கே முதலில் வந்து நிற்பவற்றுள் இதுவும் ஒன்று. பனிக்காலம் முடிந்தபோது வட ஐரோப்பாவின் ஏரிச் சேறுகளில் பிர்ச் மகரந்தம் திடீரென அதிகரித்ததை அடுக்கடுக்காக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நிழலில் இதற்கு வாழத் தெரியாது. ஒரு கிராமுக்குச் சில ஆயிரம் என்ற கணக்கில் சிறகு வைத்த விதைகளைக் காற்றில் விடும், வேகமாக வளரும், சீக்கிரம் பூக்கும், நூறு வயதைத் தாண்டுவது குறைவு. பக்கத்து மரங்களின் மறைவு கிடையாது. வெயில், உறைபனி, காற்று, முயல், பூஞ்சை எல்லாவற்றையும் தனியாக நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவசர வாழ்க்கைக்குக் காலம் தப்பாமல் தூங்கவும் தெரிய வேண்டும். வெப்பத்தை மட்டும் நம்பினால் இலையுதிர் காலத்தின் ஒரு திடீர் உறைபனி கொன்றுவிடும். ஆகவே இலையுதிர் காலத்துக்கு ஆயத்தமாவதற்கு இது பகலின் நீளத்தைப் பார்க்கிறது. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற புரதம் சிவப்பு ஒளியை உணர்ந்து இரவின் நீளத்தை அளக்கிறது. இரவு ஒரு வரம்பைத் தாண்டியதும் நுனிமொட்டு மூடிக்கொள்ளும். வரம்பு ஊருக்கு ஊர் வேறு. வடகோடிப் பின்லாந்தின் கன்றைத் தெற்கே கொண்டுவந்து நட்டால், கோடையின் நடுவிலேயே இரவு நீண்டுவிட்டது என்று நினைத்து வளர்ச்சியை நிறுத்திவிடும், குட்டையாகவே நிற்கும். தெற்கத்திக் கன்றை வடக்கே நட்டால் இலையுதிர் காலம் வந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருந்து உறைபனியில் மாட்டிக்கொள்ளும். 2017இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் குழு ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வெள்ளி பிர்ச்சின் மரபணுத்தொகுதியை வெளியிட்டது. நீளம் சுமார் 44 கோடி எழுத்துகள், நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. அயர்லாந்து முதல் சைபீரியா வரை 80 மரங்களைச் சேர்த்துப் படித்தபோது, மரம் நிற்கும் அட்சரேகையோடும் வெப்பநிலையோடும் சேர்ந்து மாறும் இடங்களுள் ஒன்று பைட்டோகுரோம் மரபணுவில் இருந்தது. பழங்காலத் தட்பவெப்பக் குழப்பங்களின்போது பிர்ச் கூட்டம் சுருங்கிச் சுருங்கி மீண்ட தடமும் அதில் தெரிந்தது.

காலநிலை மாற்றத்தில் இதுதான் கவலை. வெப்பம் வடக்கே நகர்கிறது, பகலின் நீளம் நகராது. கோடை நீண்டாலும், பழைய நாட்காட்டியைப் படிக்கும் மரம் பழைய தேதியிலேயே கடையைக் கட்டும்.

மரங்களை ஆராய்பவர்களின் பொதுத் துன்பம் காலம். பூக்கவே பத்தாண்டு எடுக்கும் உயிரில் எப்படி இனவிருத்தி செய்வது? இதில் பிர்ச் கொஞ்சம் இரக்கம் காட்டும். பின்லாந்தில் நெகிழிக் கூடாரத்தில் வெப்பமும் வெளிச்சமும் கரியமில வாயுவும் கூட்டி, ஓராண்டுக்குள்ளேயே பூக்க வைக்கிறார்கள். தன் மகரந்தத்தாலேயே தன்னைச் சூலுறச் செய்து பல தலைமுறை எடுத்துதான் அந்த 2017ஆம் ஆண்டு மரபணுத்தொகுதிக்கு மரமே தேர்ந்தெடுக்கப்பட்டது.

தூக்கம் என்று மேலே சொன்னேன். அது குளிர்காலத் தூக்கம். இரவுத் தூக்கமும் உண்டு. 2016இல் பின்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி ஆய்வாளர்கள் காற்றில்லாத இரவில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரமுள்ள வெள்ளி பிர்ச்சுகளை லேசர் கதிரால் மீண்டும் மீண்டும் அளந்தார்கள். புகைப்படத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் பட்டால் மரம் குழம்பும். கண்ணுக்குத் தெரியாத லேசர் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. கிளைகளும் இலைகளும் இரவு முழுக்க மெல்லத் தாழ்ந்து, விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு பத்து சென்டிமீட்டர் வரை இறங்கி, காலையில் பழைய இடத்துக்குத் திரும்பின. செல்களுக்குள் நீரழுத்தம் குறைவதால் இருக்கலாம். உள்ளே ஓடும் கடிகாரம் காரணமா, சூரியனா என்பது விவாதத்தில் இருக்கிறது.

வசந்தத்தில் இலை விடுவதற்கு முன் ஓரிரு வாரம் வேரிலிருந்து நீர் அழுத்தத்தோடு மேலேறும். குளிரில் காற்றுக் குமிழி அடைத்த குழாய்களை மரம் அப்படித்தான் மறுபடி நிரப்புகிறது. அப்போது துளையிட்டால் மரச்சாறு சொட்டும். சர்க்கரை சுமார் ஒரு விழுக்காடுதான், இலை விரிந்ததும் நின்றுவிடும். ரஷ்யாவிலும் பால்டிக் நாடுகளிலும் வசந்தத்தில் இதைக் குடிப்பது வழக்கம்.

அடுத்தது மகரந்தம். ஐரோப்பாவின் வடக்கிலும் நடுவிலும் ஏப்ரல், மே மாதங்களில் பல கோடிப் பேர் மூக்கைச் சிந்துவதற்கு இந்த மரமே முதல் காரணம். பூச்சியை நம்பாமல் காற்றை நம்பும் மரம் மகரந்தத்தை வீணாக்கித்தான் ஆக வேண்டும். தொங்கும் ஓர் ஆண் பூங்கதிரில் ஐம்பது லட்சம் மகரந்தத் தூள்கள் வரை இருக்கும். அவற்றின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் பெட் வி 1. 1989இல் வியன்னாவில் ஹைமோ பிரைட்டெனெடரும் குழுவினரும் அதன் மரபணுவைப் பிரித்துப் படித்தபோது, அது பட்டாணிச் செடியின் நோய் எதிர்ப்பு மரபணு ஒன்றை ஒத்திருந்தது. அதாவது மனிதனைத் தும்ம வைப்பதும் தாவரத்தின் ஒரு காவல் குடும்பத்தைச் சேர்ந்த புரதம். அந்தக் குடும்பம் ஆப்பிளிலும் கேரட்டிலும் ஹேசல் கொட்டையிலும் உண்டு. ஆகவே பிர்ச் ஒவ்வாமை உள்ளவர் பச்சை ஆப்பிளைக் கடித்தால் உதடும் தொண்டையும் அரிக்கும். வேகவைத்த ஆப்பிளை அவரே நிம்மதியாகச் சாப்பிடலாம், சூட்டில் புரதத்தின் மடிப்பு குலைந்துவிடுகிறது.

இதன் எதிர்ப்பக்கம் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் தெரிந்தது. பார்பரா மாகர் என்ற விஞ்ஞானி, போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள் சிலவற்றின் முன் வெள்ளி பிர்ச் கன்றுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். வீட்டுக்குள் வரும் நுண்துகள் பாதிக்கு மேல் குறைந்ததாக 2013இல் வெளியிட்டார். இலையிலுள்ள மயிரும் மேடுபள்ளமும் புகைத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, மழை கழுவிவிடுகிறது. பின்னர் காற்றுக்குழாயில் ஒன்பது இனங்களைச் சோதித்தபோதும் முன்னணியில் நின்றது வெள்ளி பிர்ச்தான், டீசல் நுண்துகளில் 79 விழுக்காட்டைப் பிடித்தது. நகரத் திட்டக்காரர் என்ன செய்வார்? புகையைப் பிடிக்க நட்டால் மகரந்தத்தைத் தருகிறது. இந்தக் கணக்கை ஒரே மரத்தைக் கொண்டு தீர்க்க முடியாது என்பது என் கருத்து. ஒரே இனத்தைத் தெரு முழுக்க நடும் வழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். பெர்லினில் செய்த வேறொரு சோதனையோ நிலத்திலுள்ள நெகிழி நுண்துகளும் இதன் வேருக்குள் நுழைகிறது என்று 2022இல் காட்டியது. அதனால் மரத்துக்கு என்ன ஆகும் என்பது இனிமேல் பார்க்க வேண்டிய கேள்வி.

பிர்ச் தன் அக்கம்பக்கத்தோடு நடத்தும் வியாபாரமும் கவனிக்கத் தக்கது. சதுப்பில் வளரும் ரோடோடெண்ட்ரான் புதர் ஒன்று கடுமணம் வீசும், பூச்சிகளுக்கு ஆகாது. பக்கத்தில் நிற்கும் பிர்ச் இலைகள் அந்த மணப்பொருளைத் தம் மேற்பரப்பில் ஒட்ட வைத்துக்கொண்டு பிறகு மெல்ல வெளிவிடுகின்றன, வண்டுகள் விலகிப் போகின்றன. இதைக் கண்டது கிழக்குப் பின்லாந்துப் பல்கலைக்கழகம், 2010இல். இரவல் வாங்கிய வாசனை! வேர்ப்பூஞ்சைகள் வழியே மரங்கள் ஒன்றுக்கொன்று சோறூட்டுகின்றன என்ற புகழ்பெற்ற கதையும் பிர்ச்சில் தொடங்கியதுதான், 1997இல் கனடாவின் காகித பிர்ச்சில். கார்பன் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் அதன்மேல் எழுப்பப்பட்ட தாய்மரக் காவியங்களுக்கு ஆதாரம் போதாது என்று 2023இல் வந்த விமர்சனக் கட்டுரையின் பக்கமே நான் சாய்வேன்.

கட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீரான நார், வெளிர்நிறம், உரித்துப் பிளைவுட் ஆக்க ஏற்றது. ஆல்வார் ஆல்டோ 1933இல் வடிவமைத்த மூன்று கால் முக்காலி பிர்ச்சில்தான் செய்யப்பட்டது. காகிதக் கூழ், பிர்ச் கூழிலிருந்து நூற்ற அயோன்செல் துணி, எல்லாம் உண்டு. 2018 சுதந்திர தின விருந்துக்கு அன்றைய பின்லாந்து அதிபரின் மனைவி அந்தத் துணியில்தான் வந்தார். கட்டையிலுள்ள சைலானைச் சிதைத்துச் சைலிட்டால் என்ற இனிப்பைச் செய்யலாம். 1970களில் துர்க்கு நகரில் இரண்டாண்டு சோதனை செய்து, அது பல்லைச் சொத்தையாக்குவதில்லை என்று காட்டினார்கள். சூயிங்கத்தில் இன்றும் வருகிறது. நாய்க்கு மட்டும் கொடுக்கக் கூடாது, அதற்கு அது நஞ்சு.

பட்டைக்கே திரும்பலாம். ஆலைக்கு வரும் ஒவ்வொரு பிர்ச் கட்டையும் முதலில் பட்டை உரிக்கப்படுகிறது. உரித்ததைப் பெரும்பாலும் கொதிகலனில் எரித்து ஆவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். ஒரு டன் உலர்ந்த வெளிப்பட்டையில் 200 முதல் 300 கிலோ வரை பெட்டுலின் இருக்கக்கூடும். உள்பட்டையிலிருந்து வெளிப்பட்டையைப் பிரிக்க வேண்டும், சாராயம் போன்ற கரைப்பான் வேண்டும், கரைப்பானை மீட்க வேண்டும். இவையெல்லாம் தெரிந்த வித்தைகள்தாம். வாங்குவதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். அரிய நோய் ஒன்றுக்கான களிம்பும் அழகுசாதனப் பொருள்களும் சேர்ந்துகூட ஒரு பெரிய ஆலையின் பட்டைக் குவியலைத் தீர்த்துவிடாது. நீர் புகாத பூச்சு, உயிரி நெகிழி, பசை என்று வேதியியலாளர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். கணிசமாக வாங்கும் ஒருவர் வரும்வரை, அந்தப் பெட்டுலினில் பெரும்பகுதி கொதிகலனின் அடுப்பில்தான் எரியும்.